சனிக்கிழமை இரும்பு

இசக்கியப்பன் பொய் சொல்லமாட்டார் என்று தூத்துக்குடியில் ஒரு பேர் உண்டு. நாற்பது வருடம் இரும்புக்கடை நடத்திய மனிதருக்கு இந்தப் பேர் எப்படி வாய்த்தது என்பது ஆச்சரியம்தான். ஆனாலும் வாய்த்திருந்தது. திரேஸ்புரம் போகிற ரோட்டில் அவருடைய கடை. ஆணி, போல்ட், சங்கிலி, நங்கூரம், கம்பிக்கயிறு என்று படகுக்கு வேண்டியது அத்தனையும் அங்கே கிடைக்கும். தருவைகுளத்திலிருந்தும் வேம்பாரிலிருந்தும் வருகிறவர்கள், "அண்ணாச்சி சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று தராசைக்கூடப் பார்க்காமல் வாங்கிக்கொண்டு போவார்கள். அப்பேர்ப்பட்டவர் தம் வாழ்நாளில் ஒரே ஒரு பெரிய பொய் சொன்னார். ஒரு காருக்காகச் சொன்னார். அதையும் பஞ்சாங்கத்தின் பேரில் சொன்னார்.

கார் என்றால் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. மெட்ராஸில் செய்த வண்டி. பாதாம்பால் நிறம். பானட்டைத் தூக்கினால் மூக்கும் கன்னமும் சேர்ந்து முன்பக்கமாகக் கவிழ்ந்து, உள்ளே இருக்கிற எஞ்சின் முழுசாகத் தெரியும். அதைத் திறந்து காட்டுவதில் இசக்கியப்பனுக்கு ஒரு தனி ஆனந்தம். ஊரைவிட்டுப் போன ஓர் உப்பு ஏற்றுமதிக்காரரிடமிருந்து, மகன் ராஜபாண்டி பிறந்த வருடம் வாங்கினார். அப்போது வீட்டில் பீரோ கிடையாது, கட்டில் கிடையாது. துணிமணியெல்லாம் கொடியில் தொங்கின. வாசலில் மட்டும் கார் நின்றது. ஆசை வெட்கம் அறியாது என்பார்கள். அது பீரோவும் அறியாது போலிருக்கிறது.

அவர்கள் வீடு தருவைகுளம் ரோட்டில், உப்பளத்தை ஒட்டிய தாழ்வான தெருவில் இருந்தது. போர் போட்டால் உப்புத்தண்ணீர்தான் வரும். குளிக்க, துணி துவைக்க எல்லாம் அதுதான். தலைக்குத் தேய்த்த சீயக்காய்கூட முழுசாகப் போகாது. காருக்கு மட்டும் முனிசிபல் குழாயில் வருகிற நல்ல தண்ணீர். காலையில் முதல் வேலையாக ஒரு வாளி பிடித்துவைத்து, துணியை நனைத்துப் பிழிந்து, கூரையிலிருந்து சக்கரம் வரைக்கும் துடைப்பார்.

அவர் மனைவி சண்முகத்தாய் அடுக்களை ஜன்னல் வழியாக இதைப் பார்த்துக்கொண்டே இருப்பாள்.

"கட்டுன பொண்டாட்டிக்கு உப்புத்தண்ணி, அவளுக்கு நல்ல தண்ணி. இந்த அநியாயம் எந்த ஊர்லயாவது நடக்குமா?" என்பாள்.

"ஏளா, நீ துருப்பிடிக்கவா போற?" என்பார் அவர்.

இந்தப் பேச்சு அந்த வீட்டில் சாம்பார் மாதிரி. தினமும் உண்டு, யாருக்கும் கோபம் கிடையாது.

காருக்குச் செய்கிற கவனிப்பு தண்ணீரோடு நிற்கவில்லை. அமாவாசைக்கு அமாவாசை, படகுக்காரர்கள் வள்ளத்துக்குப் பூசுகிற மீன் எண்ணெயை வாங்கிவந்து, காருக்கு அடியில் மல்லாந்து படுத்துப் பூசுவார். அன்றைக்குத் தெருவே நாறும். வீட்டில் அமாவாசை விரதம், வாசலில் மீன் வாடை. சண்முகத்தாய் மூக்கைப் பிடித்துக்கொண்டு பருப்பு தாளிப்பாள். ஆனால் அந்த எண்ணெய்தான் காரைக் காப்பாற்றியது. அந்தக் கடற்காற்றில் இரும்பு எத்தனை நாள் வாழும் என்று இரும்புக்கடைக்காரருக்கா தெரியாது?

அறுபத்தெட்டு வயதில் இடது கண்ணில் பார்வை குறைந்தது. கண்ணில் அழுத்தம், இனி ஓட்டக்கூடாது என்றார் டாக்டர். கடையை மூடினார் இசக்கியப்பன். அதற்கப்புறமும் ரகசியமாக ஓட்டிக்கொண்டு போய், இரண்டாம் ரயில்வே கேட் பக்கத்தில் ஒரு டீக்கடை பெஞ்சை இடித்தார். பெஞ்சில் ஒருவரும் இல்லை. ஒரு நிமிடம் முன்னால்தான் ஒரு பிள்ளைத்தாய்ச்சி எழுந்து போயிருந்தாள். அதைக் கேட்டதும் இசக்கியப்பன் காரை மெதுவாக வீட்டுக்குக் கொண்டுவந்து நிறுத்தினார். அன்றைக்கு வைத்த சாவியை அவர் மறுபடி ஓட்டுவதற்காக எடுக்கவில்லை.

ஓடாத கார் நின்ற இடத்திலேயே வயதாகும். ஒரு வருடம் போனது. ஸ்குரு டிரைவரின் பிடியால் காரின் அடிச்சட்டமான சேசிஸைத் தட்டிப் பார்த்தால் முன்னே 'ணங்' என்று வந்த சத்தம் இப்போது அப்பளம் மாதிரிக் கேட்டது. இசக்கியப்பன் தட்டுவதையே நிறுத்திவிட்டார்.

சண்முகத்தாய்தான் பேச்சை எடுத்தாள். "நமக்குப் பொம்பளப்பிள்ள இல்லாத குறைய இதுல தீத்துக்கிட்டிய. சரி, பொண்ணுன்னே வச்சுக்கிடுவோம். எத்தன காலத்துக்கு வீட்டுலயே வச்சிருப்பிய? நல்ல இடமா வந்தா குடுத்துர வேண்டியதுதான?"

அவர் இரண்டு நாள் காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். மூன்றாம் நாள், "நல்ல இடமா இருக்கணும்" என்றார். அவள் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள்.

பெண் பார்க்கும் படலம் ஆரம்பமாயிற்று. வந்தவர்களுக்கெல்லாம் காப்பி, மிக்சர். ஒருவர் ஹோட்டல் வாசலில் நிறுத்தி, உள்ளே பூச்செடி வைக்கப்போவதாகச் சொன்னார். இன்னொருவர் கூரையை அறுத்து எடுத்துவிட்டால் கல்யாணப் போட்டோவுக்கு வசதி என்றார். "பாப்போம்" என்று இருவரையும் வாசல்வரை சென்று வழியனுப்பிவிட்டு, உள்ளே வந்து, "கூரைய அறுக்கானாம், கூரைய. அவன் தலைய அறுக்க" என்று பொரிந்தார்.

அப்புறம்தான் கோயம்புத்தூரிலிருந்து பாலகணேஷ் வந்தான். பழைய கார்களைச் சரிசெய்கிற பட்டறை வைத்திருந்தான். முப்பது வயது இருக்கும். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தான். வந்தவன் காப்பியைத் தொடவில்லை, விலை கேட்கவில்லை. நேரே தரையில் மல்லாந்து காருக்கு அடியில் போய்விட்டான். நெடுநேரம் கழித்து வெளியே வந்தபோது சட்டை முதுகு கறுப்பாக இருந்தது.

"மீன் எண்ணெய்ங்களா?" என்றான்.

"ஆமா."

"அதாங்க இத்தனை வருசம் நின்னிருக்குது. வேற யாராச்சும் வெச்சிருந்தா எப்பவோ உதிர்ந்திருக்குமுங்க."

இசக்கியப்பனுக்கு அந்த நிமிடமே பையனைப் பிடித்துவிட்டது. நாற்பது வருடத்தில் அந்த நாற்றத்தைப் பற்றி நல்ல வார்த்தை சொன்ன முதல் ஆள் அவன்.

"ஆனா ஒண்ணுங்க" என்று பாலகணேஷ் தயங்கினான். "இன்னொரு மழைக்காலம் இங்க நின்னா தாங்காதுங்க. எங்கூர்க் காத்துல உப்பில்லீங்க. சேசிஸை மாத்தி, பெயின்ட் பண்ணி, நான் ஓட்டுறேன். விக்கமாட்டேன். நீங்க எப்ப வந்தாலும் முன் சீட்டு உங்களுக்குத்தான்."

வெற்றிலை பாக்கில் வைத்து அச்சாரம் கொடுத்தான். இசக்கியப்பன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். வியாபாரி அச்சாரம் வாங்கினால் வாங்கியதுதான். பிறகு பிறழ்ந்து பேசினால் பேர் போய்விடும். கார்த்திகை முடிவதற்குள் லாரியோடு வந்து ஏற்றிக்கொள்வதாகப் பேச்சு.

கார்த்திகையின் கடைசி வாரம் பாலகணேஷ் போன் போட்டு, வெள்ளிக்கிழமை வரட்டுமா என்று கேட்டான்.

"வெள்ளிக்கிழமை வீட்டுல இருந்து ஒண்ணும் வெளிய அனுப்பமாட்டோம் தம்பி" என்றார் இசக்கியப்பன். இது உண்மை. எல்லார் வீட்டிலும் உள்ளதுதான்.

"அப்ப சனிக்கிழமை காலையில வந்தர்றேங்க."

இசக்கியப்பன் போனை வைத்துவிட்டார்.

சனிக்கிழமை விடிவதற்கு முன்பே எழுந்து நல்ல தண்ணீர் பிடித்தார். ஒரு வாளிக்கு இரண்டு வாளி. கண்ணாடியைத் துடைத்தார், கதவிடுக்கையெல்லாம் துடைத்தார், இப்போது வெளியூரில் வேலை பார்க்கிற ராஜபாண்டி சின்ன வயதில் கம்பியால் கீறிவைத்த கோட்டைத் துடைத்தார். சண்முகத்தாய் ஒரு முழம் பிச்சிப்பூவைக் கொண்டுவந்து ஸ்டியரிங்கில் சுற்றினாள். இருவரும் முகம் பார்த்துக்கொள்ளவில்லை.

பத்து மணிக்கு லாரி வந்தது. அதன் பின்பக்கப் பலகையைச் சாய்த்துத் தரையில் இறக்கினார்கள். கார் ஏறவேண்டிய சரிவு அது. பலகை தரையில் பட்டு 'தொம்' என்று ஒரு சத்தம் வந்தது. இசக்கியப்பன் காருக்கும் பலகைக்கும் நடுவில் போய் நின்றார். அவர் திட்டம்போட்டுச் சொன்னார் என்று சொல்லமுடியாது. வாய் சொல்லிவிட்டது.

"தம்பி, இன்னைக்குச் சனிக்கிழமையில்லா? சனிக்கிழமை இரும்பு கைமாறக்கூடாதே."

பாலகணேஷ் விழித்தான். "அப்படீங்களா?"

"எங்க பக்கத்துல அப்படித்தான். சனிக்கிழம இரும்பு வீட்டுக்கு வரவும் கூடாது, வீட்ட விட்டுப் போவவும் கூடாது. வாங்குதவங்களுக்கு ஆகாது. உனக்கு ஒண்ணு ஆயிட்டுன்னா?"

"சரிங்க, நாங்க இங்கயே தங்கி நாளைக்கு ஏத்திக்கறோம்."

"நாளைக்கு மார்கழி பொறக்குல்லா. மார்கழியில எவன் பொண்ண அனுப்புவான்? தை பொறக்கட்டும் தம்பி. தை பொறந்தா வழி பொறக்கும்னு சும்மாவா சொன்னாங்க?"

சொல்லச் சொல்ல அவருக்கே அது நியாயமாகப் பட்டது. ஒரு மாதம். ஒரே ஒரு மாதம் கூட இருந்துவிட்டுப் போகட்டுமே, என்ன குறைந்துவிடும்?

ஆனால் திரும்பியபோது வாசல் நடையில் சண்முகத்தாய் காப்பித் தம்ளரோடு நின்றாள். இசக்கியப்பன் அப்படியே நின்றுவிட்டார். ஏனென்றால் கடை நடந்த காலத்தில் வாரத்திலேயே அதிக வியாபாரம் சனிக்கிழமைதான். ஞாயிற்றுக்கிழமை கடற்கரையில் யாரும் தொழிலுக்குப் போகமாட்டார்கள். சனிக்கிழமை கரைக்கு வந்து, அறுந்தது ஒடிந்தது எல்லாவற்றுக்கும் சாமான் வாங்கிக்கொண்டு போவார்கள். நாற்பது வருடமாக, சனிக்கிழமைதோறும் இரும்பு விற்றுத்தான் அந்த வீட்டில் உலை கொதித்தது. அது அவளுக்குத் தெரியாதா? அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், பொய் நடுத்தெருவில் நிற்கும். காரும் லாரியில் ஏறிவிடும். சொல்லிவிடுவாள் என்று பயந்தார். சொல்லிவிட்டால் தேவலை என்றும் ஒரு ஓரத்தில் இருந்தது.

சண்முகத்தாய் அவரைப் பார்த்தாள். லாரியைப் பார்த்தாள். பிறகு காப்பியைப் பாலகணேஷ் கையில் கொடுத்து, "தை பொறக்கட்டும் தம்பி. அவுக சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள்.

லாரி வெறுமனே திரும்பிப் போனது.

மறுநாள், மார்கழி முதல் தேதி பெய்யத் தொடங்கிய மழையைத் தூத்துக்குடிக்காரர்கள் இந்த ஜென்மத்தில் மறக்கமாட்டார்கள். அது மழையே இல்லை. வானத்தில் எதையோ திறந்துவிட்டு மூடாமல் போய்விட்டார்கள். சாயங்காலம் தெருவில் முழங்கால் தண்ணீர். மேற்கே குளங்கள் உடைந்து தண்ணீர் இந்தப் பக்கம் வருகிறது என்று யாரோ கத்திக்கொண்டு ஓடினார்கள். இருவரும் அரிசியையும் அடுப்பையும் தூக்கிக்கொண்டு மாடி ஏறினார்கள்.

விடிந்து பார்த்தபோது காரின் கூரை மட்டும் தெரிந்தது. இசக்கியப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு படியிறங்கினார். சண்முகத்தாய் பின்னாலிருந்து வேட்டியைப் பிடித்து இழுத்தாள்.

"எங்கன போறிய?"

"ஒரு கயித்தையாவது கட்டி..."

"கட்டி? தோள்ல தூக்கிட்டு வரப் போறியளா? வண்டி போனா போவுது. நீங்க போயிராதிய."

அவர் படியிலேயே உட்கார்ந்தார். காலடியில் தளும்பிய தண்ணீரை ஒரு கை அள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தார். உப்பளத்து வரப்பெல்லாம் கரைந்து, பாத்தியில் காய்ந்த உப்பு முழுவதும் அதில் கலந்திருந்தது. கடல்தண்ணீரே தோற்றுவிடும், அவ்வளவு கரிப்பு. நாற்பது வருடம் நல்ல தண்ணீரைத் தவிர வேறெதையும் காட்டாமல் வளர்த்த உடம்பு அதற்குள் கிடந்தது. மத்தியானம் கூரையும் தெரியவில்லை.

அந்தத் தாழ்வான தெருவில் தண்ணீர் வடிய ஒரு வாரத்துக்கு மேல் ஆயிற்று. ஊரில் வீடு போனவர்கள் உண்டு, ஆடு மாடு போனவர்கள் உண்டு, ஆளே போன வீடும் உண்டு. அந்த நேரத்தில் ஒரு பழைய காருக்காக அழுதால் ஊர் சிரிக்கும். அதனால் இசக்கியப்பன் அழவில்லை. நிவாரணச் சோற்றுக்கு வரிசையில் நின்றார், பக்கத்து வீட்டுச் சேற்றை அள்ளிப்போட்டார், எல்லாரிடமும் "என்ன செய்ய, தப்பிச்சோமே" என்றார்.

பாலகணேஷ் போன் செய்தான். "நீங்களும் அம்மாவும் நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டான். பெட்ஷீட்டும் பால்பவுடரும் பார்சலில் அனுப்பினான். காரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

தை பிறந்தது. சொன்ன சொல் தவறாமல், அதே லாரியோடு ஒரு புதன்கிழமை வந்து நின்றான். "கொண்டு போய்ப் பாக்கறேங்க. எஞ்சின் போனா போகட்டும். கூடு நின்னாப் போதும், நான் கொண்டு வந்துருவேன்" என்றான்.

காரின் நிறம் மாறியிருந்தது. அடியோரமெல்லாம் செம்பழுப்பாகப் பொரிந்து, கண்ணாடிக்குள்ளே சேறு காய்ந்து, ஸ்டியரிங்கில் சுற்றிய பிச்சிப்பூ நார் மட்டும் தொங்கியது. பலகையை இறக்கினார்கள். அதே 'தொம்.' முன்பக்கத்தில் இரும்புக்கயிறு மாட்டி, லாரியிலிருந்த உருளையைச் சுற்றி மெதுவாக இழுத்தார்கள். கார் அசைந்தது. பத்தடி வந்தது. இசக்கியப்பன் கூடவே நடந்தார், பின்கண்ணாடியில் கை வைத்தபடி. முன்சக்கரம் பலகையில் ஏறி மூக்கு மேலே தூக்கியபோது நடுவில் ஒரு சத்தம். பெரிய சத்தம்கூட இல்லை. ஈர விறகு ஒடிகிற மாதிரி. கார் இடுப்பில் மடிந்து உட்கார்ந்தது. கதவுகள் தாமாகத் திறந்துகொண்டன.

டிரைவர் உருளையை நிறுத்தினான்.

பாலகணேஷ் கீழே உட்கார்ந்து, உதிர்ந்த தகரத்தைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே போட்டான். பிறகு எழுந்து வந்து இசக்கியப்பன் கையைப் பிடித்தான்.

"மனசு விட்றாதீங்க. அன்னிக்கு நீங்க சொன்னது நல்லதுக்குத்தாங்க. சனிக்கிழமை அதுமா ஏத்திட்டுப் போயிருந்தா வழியில எங்களுக்கு என்ன ஆயிருக்குமோ! எங்க அம்மாகூட அதைத்தான் சொன்னாங்க. அந்த அண்ணாச்சி உங்க உசுரைக் காப்பாத்திட்டாருன்னு."

இசக்கியப்பன் வாயைத் திறந்தார். இல்லை தம்பி, அது பொய் என்று சொல்லவேண்டும். பையன் முகத்தைப் பார்த்தார். அவன் அவ்வளவு நம்பிக்கையோடு நின்றான். "ம்" என்றார், அவ்வளவுதான் வந்தது.

அச்சாரத்தை வெற்றிலையோடு திருப்பிக் கொடுத்தார்கள். பாலகணேஷ் தயங்கித் தயங்கி, முன்விளக்குகள் இரண்டையும் எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டான். சண்முகத்தாயே அவற்றைக் கழுவித் துடைத்து, தன் பழைய சேலையில் சுற்றிக் கொடுத்தாள்.

மறுநாள் காலையில் இசக்கியப்பன் எழுந்து, பழக்கதோஷத்தில் குழாயடியில் நல்ல தண்ணீர் பிடித்தார். வாளி நிறைந்த பிறகுதான் ஞாபகம் வந்தது. பிறகு தூக்கிக்கொண்டு போய்க் குளியலறையில் வைத்தார்.

"ஏளா, இனிமே நீ இதுல குளி."

சண்முகத்தாய் வாளியைப் பார்த்தாள். "எனக்கு உப்புத்தண்ணி பழகிப்போச்சு" என்றாள்.

அவருக்குச் சுரீர் என்றது. கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. சும்மா, உள்ளதைச் சொல்வது மாதிரிச் சொன்னாள்.

"சம்முவம்" என்றார். "அன்னைக்கு நீ ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா? பொய்யின்னு உனக்குத் தெரியுந்தான?"

"தெரியும்."

"பெறவு ஏன் சும்மா இருந்த?"

அவள் வாளியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "ராஜபாண்டிக்கு வலிப்பு வந்த அன்னைக்கு, அந்த வண்டியிலதான பாளையங்கோட்டைக்குக் கொண்டு போனோம்? பின்சீட்டுல மடியில போட்டுக்கிட்டு வந்தேன். நீங்க முன்ன பாத்து ஓட்டுனிய. நான் எந்தச் சாமியக் கும்பிட்டேன்னு நெனைக்கிய? முன்சீட்டத்தான் பிடிச்சுக்கிட்டுக் கும்பிட்டேன். வெரசாப் போயிரு தாயி, பிள்ளையக் கொண்டு சேத்துரு தாயின்னு." முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "வாயால ஏசுனேன். மனசு வரலயே. நீங்க தை பொறக்கட்டும்னு சொன்னதும், அப்பாடான்னு இருந்துச்சு. நாமதான் அவளக் கொன்னுட்டோம். உங்கள மட்டும் சொல்லிப் புண்ணியமில்ல."

இசக்கியப்பனுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. மார்கழி முழுக்க ஊருக்குப் பயந்து அடக்கிவைத்திருந்தது மொத்தமும் அந்தக் குளியலறை வாசலில் வந்தது. அவள் தடுக்கவில்லை.

இரண்டு நாள் கழித்துப் பழைய இரும்பு எடுக்கிற இன்பமணி வந்தான். கடை இருந்த காலத்திலிருந்து பழக்கம். மூன்றுசக்கர வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு, மடிந்து கிடந்த காரைப் பார்த்து உச்சுக்கொட்டினான். அறுக்கிற சாமானை இறக்கியவன் திடீரென்று நின்றான்.

"அண்ணாச்சி, மறந்தே போனேன். இன்னைக்குச் சனிக்கிழமையில்லா?"

"அதுக்கென்ன?"

"இல்ல, நீங்க சனிக்கிழம இரும்பு குடுக்கமாட்டியன்னு சொன்னாங்க. கோயம்புத்தூர்க்காரங்களயே லாரியோட திருப்பி அனுப்பிட்டியளாமே. ஊருக்கே தெரியும். நான் வேணும்னா திங்கக்கிழம வாரேன்."

இசக்கியப்பன் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் நடையிலிருந்து குரல் வந்தது. சண்முகத்தாய் நின்றாள், அன்றைக்கு நின்ற அதே இடத்தில்.

"எடுத்துட்டுப் போப்பா. நாப்பது வருசமா சனிக்கிழம இரும்பு வித்துத்தான் இந்த வீட்டுல உல கொதிச்சுது."

இன்பமணி இருவரையும் மாறிமாறிப் பார்த்தான். அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. இசக்கியப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு காரின் பின்பக்கம் போய், "நீ முன்னால பிடிலே" என்றார்.